உபுண்டு கணினியின் கடவுச்சொல் எடுபடவில்லை, ஃபோமற் அடிக்காமல் திறக்க ஏலுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கட சனசமூக நிலையக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கு. அதைப் பார்த்தவர் கனடா போய்விட்டார். அவர் தொலைபேசியில் சொன்ன கடவுச்சொல் எடுபடவில்லை. கணக்குகளும் படங்களும் உள்ளே கிடக்கு. என்ன செய்யலாம்?

பதில்: ஃபோமற் அடிக்க யார் சொன்னாலும் உடன்படாதேங்கோ. கடவுச்சொல்லின் ஹாஷ் (திரும்ப வாசிக்க ஏலாதபடி மாற்றிய வடிவம்) மட்டும்தான் /ஈடிசி/ஷேடோ என்ற கோப்பில் ஒரு வரியாக இருக்கு. ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் கிடைத்தால் அந்த வரியை மாற்றலாம், உங்கட கோப்புகளைத் தொடவே தேவையில்லை.

அதுக்கு முதல் விசைப்பலகையைப் பாருங்கோ. ரெங்கநாதன் அல்லது தமிழ்99 போட்ட கணினியில், உள்நுழையும் திரையில் தமிழ் தெரிவாகி இருந்தால் சரியான கடவுச்சொல்லும் பிழை என்றுதான் வரும். மேல் மூலையில் ஆங்கிலத்துக்கு மாற்றி, கப்ஸ் லொக்கையும் நம் லொக்கையும் பார்த்து, அவர் சொன்னதை ஒருக்கா அடியுங்கோ.

சரிவராவிட்டால் கணினியை மீளத் தொடக்குங்கோ. கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயோஸ் என்றால் ஷிப்ற் விசையை அழுத்திப் பிடியுங்கோ. புதிய யூஇஎஃப்ஐ என்றால் தயாரிப்பாளரின் சின்னம் மறையும்போது எஸ்கேப்பை ஒரே ஒரு தரம் தட்டுங்கோ. கனதரம் தட்டினால் தொடக்கப் பட்டியல் வராமல், அதைக் காட்டும் கிரப் மென்பொருளின் கட்டளை வரிக்குப் போய்விடும். போனால் கன்ட்ரோல், ஒல்ட், டிலீற் மூன்றையும் அழுத்தி முதலில் இருந்து தொடங்குங்கோ.

வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', அதுக்குள் 'ரிகவரி மோட்', அதில் 'ரூட்'. உபுண்டுவில் ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்காதபடியால் இது கேட்காமலே திறக்கும்.

வட்டு இப்போது வாசிக்க மட்டும்தான் விடும். பிழைக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். முதலில் எழுத விடவேணும்: மவுண்ட், இடைவெளி, ஹைபன் ஓ, இடைவெளி, ரீமவுண்ட், காற்புள்ளி, ஆர்டபிள்யூ, இடைவெளி, முன்சாய்கோடு. எல்லாம் சிறிய எழுத்து. காற்புள்ளிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. இதைத் தவறவிட்டால் கடைசியில் 'ஒதென்ரிகேஷன் ரோக்கன் மானிப்புலேஷன் எரர்' என்று வரும்.

பயனர் பெயர் தெரியாவிட்டால் எல்எஸ் கட்டளையால் /ஹோம் அடைவைப் பாருங்கோ, அங்கே அடைவுப் பெயராக இருக்கும். பிறகு பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி, இடைவெளி, அந்தப் பெயர். புதிய கடவுச்சொல்லை இரண்டு தரம் கேட்கும். அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது, தயங்காமல் அடியுங்கோ. மாற்றத்தை வட்டில் எழுதி முடிக்க 'சிங்க்' கொடுத்து, பிறகு 'ரீபூட்'. கரண்ட் நிற்கக்கூடிய நேரமென்றால் இதை யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கோ.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் ரிகவரி மோடும் ரூட் கடவுச்சொல்லைக் கேட்கலாம். அப்போது கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ'வை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, வரி முடிவில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ். கடவுச்சொல்லை மாற்றி 'சிங்க்' கொடுத்தபின் 'ரீபூட் ஹைபன் எஃப்'.

ஒரு விதிவிலக்கு. பயனர் பெயர் வர முன்னமே, கணினி தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்டால் பெரும்பாலும் வட்டு லக்ஸ் முறையில் குறியாக்கப்பட்டிருக்கு. அப்படியென்றால் அந்தச் சொல்லோ மாற்றுத் திறவுகோலோ இல்லாமல் திறக்க ஏலாது.

உள்ளே போனபின், சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் 'கீரிங்' பழைய கடவுச்சொல்லைக் கேட்டுத் தொந்தரவு செய்யும், அது தனியாகப் பூட்டப்பட்டது. ஹோம் அடைவின் .லோக்கல்/ஷேர்/கீரிங்ஸ் உள்ளே இருக்கும் லொகின்.கீரிங் கோப்பின் பெயரை மாற்றி, வெளியேறி உள்நுழைந்தால் புதிது உருவாகும். அதில் சேமித்த கடவுச்சொற்களைத் திரும்பக் கொடுக்கவேணும். கையோடு நிர்வாக அதிகாரமுள்ள இரண்டாவது பயனரையும் உருவாக்கி, அதைச் செயலாளரிடம் கொடுங்கோ.