போதை தராத கஞ்சா எண்ணெயை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியதிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மான வலியால் இரவில் தூக்கமே இல்லை. உறவினர் ஒருவர் சிபிடி எண்ணெய் என்று 10 மில்லி குப்பி ஒன்றைக் கொடுத்து, "கஞ்சாச் செடியில் எடுத்ததுதான், ஆனால் போதை வராது, பக்கவிளைவே கிடையாது" என்றார். அம்மா நான்கு நாட்களாகப் படுக்கும் முன் நாக்கின் அடியில் பத்துச் சொட்டு விட்டுக்கொள்கிறார். டிஎச்சி, சிபிடி என்கிறார்களே, என்ன வித்தியாசம்? தொடர்ந்து கொடுக்கலாமா?

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு அந்தச் சொட்டு வேண்டாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையை நாளையே எடுத்து, முடிவை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது. நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், காரணமில்லாமல் உடம்பில் நீலத் தடிப்பு தெரிந்தாலும், திடீரென்று கடும் தலைவலி வந்தாலும் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உங்கள் உறவினர் சொன்ன வாக்கியம்தான். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். "போதை வராது" என்பது பெரும்பாலும் உண்மை. அதிலிருந்து "பக்கவிளைவு கிடையாது" என்று தாவியதுதான் தவறு. போதை என்பது மூளையில் நடப்பது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலில் நடக்கிறது. சிபிடி கைவைப்பது அங்கேதான்.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற ரசாயனங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு: டிஎச்சி, சிபிடி. முதலாவதைப் புரிந்துகொள்ள நம் மூளையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்போது, கேட்கும் அணு "போதும், குறைத்துக்கொள்" என்று அனுப்பும் அணுவுக்கே திருப்பிச் சொல்வதற்கு நம் உடலே சில ரசாயனங்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்றை 1992-ல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் அதே 'ஆனந்தம்'தான்! அது தேவைப்பட்ட இடத்தில் உருவாகி, வேலை முடிந்ததும் சிதைந்துபோகும்.

ஆனந்தமைடு போய் உட்காருவது, நரம்பணுக்களில் செய்தியைப் பெறும் இடங்களான சிபி1 ஏற்பிகளில். டிஎச்சி போய் உட்காருவதும் அங்கேதான். ஆனால் அதற்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. மூளை முழுக்க ஒரே சமயத்தில் "குறைத்துக்கொள்" என்கிறது. நினைவைப் பதியவைக்கும் பகுதியில் இது நடக்கும்போது, தொடங்கிய வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது. சிறுமூளையில் நடக்கும்போது நடை தள்ளாடுகிறது. பசி கிளம்பும், வாய் உலரும். இதயத்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்புகூட அதிகமாகலாம். இதய நோயாளிக்கு இது சிறிய விஷயம் அல்ல. சிலருக்கு இன்பத்துக்குப் பதிலாகப் பயமும் சந்தேகமும் வரும். வளரும் பருவத்தில் அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயம் கூடுகிறது.

வாய்வழி சாப்பிடும்போது இன்னொரு சிக்கல். புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விழுங்கினால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. அதற்குள் கல்லீரல் டிஎச்சியை மூளைக்குள் இன்னும் எளிதாகப் புகும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவது முறை எடுத்துக்கொண்டு, பிறகு இரண்டும் ஒன்றாகத் தாக்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் என்றால் இருட்டில் எழுந்து விழுவது, குழம்பிப்போவது. வார்ஃபரின் எடுப்பவர் தலை அடிபட விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சிபிடி அந்த சிபி1 ஏற்பியை இப்படித் தூண்டுவதில்லை, அதனால் போதை இல்லை. அது உண்மையான மருந்தும்கூட. குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை அனுமதித்தது. அதில் கொடுக்கும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அப்போதுகூட, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் கொடுக்கிறோம்.

உங்கள் குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். "5 சதவீதம்" என்று அச்சிட்டிருந்தால் 10 மில்லியில் 500 மில்லிகிராம். மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், ஒரு சொட்டில் இரண்டரை, பத்துச் சொட்டில் 25 மில்லிகிராம். வலிப்புக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அது சற்று ஆறுதலான விஷயம். ஆனால் இந்தக் கணக்கு அட்டையை நம்பிப் போடுவது. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். அட்டையில் இருந்த அளவு சரியாக இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில். 18 பொருட்களில் டிஎச்சியே கலந்திருந்தது.

இப்போது வார்ஃபரின். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி மந்தமாக்கக்கூடும். மாத்திரையின் அளவு மாறாது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், ஐஎன்ஆரும் ஏறும், அதாவது ரத்தக்கசிவு அபாயம் கூடும். சிபிடி தொடங்கியபின் ஐஎன்ஆர் ஏறி, வார்ஃபரினைக் குறைக்க வேண்டிவந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். சிபிடி கொழுப்பில் கரைவது என்பதால் நிறுத்திய மறுநாளே உடலைவிட்டுப் போய்விடாது. ஆகவே நாளை எடுக்கும் பரிசோதனை சரியாக இருந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் கொண்டுபோங்கள். கஞ்சா என்ற பெயருக்காகக் கூச்சப்பட்டு மறைக்கவே வேண்டாம். அவர் தெரிந்துகொண்டால்தான் அம்மாவுக்கு உதவ முடியும். அந்தப் பொருள் உங்கள் நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்காவது கேட்குமா? கைமூட்டு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், வெற்று மாத்திரையைவிடச் சிபிடி அதிகமாக வலியைக் குறைக்கவில்லை. அம்மாவின் வலி பொய் இல்லை, தூங்காத இரவுகளும் பொய் இல்லை. அவருக்கு வேறு வழி வேண்டும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யச் சொல்லுங்கள். சில வாரங்களில் பலன் தெரியும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் வார்ஃபரினோடு கூடவே கூடாது. பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் அதையும் நாள்தோறும் எடுத்தால் ஐஎன்ஆர் ஏறலாம் என்பதால், எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று நாளைக்கே அந்த மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.