ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

வீடு போல வசதிகள் உள்ள டீசல் மோட்டார்ஹோம் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோரின் வண்டியில் இருப்பது ஆலிசன் நிறுவனத்தின் 3000 வகை கியர்பாக்ஸ் என்பதால் அளவுகளையெல்லாம் அதற்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: எட்டு வருடம் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஓடியது 40,000 கிலோமீட்டர்தான். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு முந்தைய உரிமையாளரிடம் எந்தக் குறிப்பும் இல்லை. கியர் நன்றாகவே விழுகிறது. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு ஆயில் மாற்றுவது வீண் செலவு என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. லாரிக்கும் பேருந்துக்கும் கிலோமீட்டர் கணக்குப் பொருந்தும். வருடத்தில் பல மாதங்கள் கொட்டகையில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கு மாதக் கணக்குதான் முதலில் வந்து நிற்கும். ஆலிசனின் அட்டவணையே கிலோமீட்டர், எஞ்சின் ஓடிய மணி, மாதம் என்ற மூன்றையும் தந்து, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. டி.இ.எஸ். 295 என்ற ஆலிசனின் ஆயில் தரம் பெற்ற செயற்கை ஆயில் முழுவதுமாக நிரப்பப்பட்டிருந்தால் சாதாரண உபயோகத்தில் 4,80,000 கிலோமீட்டர் அல்லது 6,000 மணி நேரம் அல்லது 48 மாதம். ஃபில்டர்களுக்கு 1,20,000 கிலோமீட்டர் அல்லது 3,000 மணி அல்லது 36 மாதம். உங்கள் வண்டி இந்தக் கிலோமீட்டர்களின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் மாதங்களைத் தாண்டி வெகு நாளாகிவிட்டது.

நிற்கும் வண்டியில் ஆயில் ஏன் கெட வேண்டும் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். கியர்பாக்ஸ் அடைத்து மூடிய பெட்டி அன்று. அதற்கு மூச்சுக்குழாய் உண்டு. பகலில் சூடேறி இரவில் குளிரும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே வந்து போகிறது, அதில் இருக்கும் ஈரம் உலோகச் சுவரில் வேர்த்து ஆயிலில் இறங்குகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிவிடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி நிறுத்தும் வண்டியில் அது அப்படியே தங்கிவிடும்.

இதைவிட முக்கியமான கேள்வி, உள்ளே இப்போது எந்த ஆயில் இருக்கிறது என்பதுதான். டி.இ.எஸ். 295 தரமில்லாத ஆயிலாக இருந்தால் கணக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது 1,000 மணி அல்லது 12 மாதம் என்று சுருங்கிவிடும். வண்டியிலோ கோப்பிலோ எந்தக் குறிப்பும் இல்லாத நிலையில், உள்ளே இருப்பது சாதாரண ஆயில் என்றே எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டுமே பெரும்பாலும் சிவப்புதான்.

கேள்வி: பழைய ஆயில் சாதாரண வகை. செயற்கை ஆயிலுக்கு மாற விரும்புகிறேன். ஒருமுறை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதாதா?

பதில்: ஒருமுறை வடித்தால் எல்லாம் வந்துவிடாது என்பதுதான் சிக்கல். ஆழமான, அதாவது 4 அங்குல எண்ணெய்த் தொட்டி உள்ள 3000 வகைக்கு வெற்றுப் பெட்டியை நிரப்ப ஏறத்தாழ 27 லிட்டர் தேவை. வடித்துவிட்டு ஊற்றும்போது பிடிப்பதோ 18 லிட்டர்தான். மிச்சம், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் பெட்டியின் உள் வழிகளிலும் நின்றுவிடுகிறது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் அதற்குப் போகும் குழாய்களிலும் நிற்பது இதற்கு மேல். ஆகவே முதல் முறைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு பழையதுதான். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி நன்றாகக் கலந்த பிறகு இரண்டாம் முறை வடித்து ஊற்றினால் பழையது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். கலப்படமான நிலையில் 48 மாதக் கணக்கை நம்பி வண்டியை விட்டுவிடக் கூடாது. செலவு இரட்டிப்பாகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் இரண்டாவது முறையையும் செய்துவிடும்படியே நான் சொல்வேன், ஏனென்றால் அதன்பின் பல வருடங்களுக்கு இந்தக் கவலை இல்லை. டி.இ.எஸ். 295-க்குப் பின் வந்த டி.இ.எஸ். 668 தர ஆயிலையும் தயங்காமல் ஊற்றலாம்; அது முந்தையதோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டது.

கேள்வி: இந்த வேலையை நானே செய்ய முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முடியும். கைவேலை பழகியவருக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய டீசல் மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் காற்றுப் பைகளின் மேல் நிற்பவை. காற்று இறங்கினால் பல டன் எடையுள்ள வண்டி சில நொடிகளில் தாழ்ந்து, அடியில் இருப்பவரை நசுக்கிவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியோடு வரும் லெவலிங் ஜாக்கிகள் வண்டியை மட்டமாக நிறுத்துவதற்கானவை. அவற்றை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு (சேசிஸ்) அடியில், எடை தாங்கும் ஸ்டாண்டுகளையோ கனமான மரக்கட்டைகளையோ கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

வடிப்பதற்கு முன் வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான ஆயில் தன்னோடு தூசையும் துகளையும் ஏந்திக்கொண்டு வெளியே வரும். ஆறிய ஆயில் அவற்றை அடியில் விட்டுவிட்டு வரும். 70 டிகிரிக்கு மேல் இருக்கும் ஆயில் தோலைச் சுட்டுவிடும் என்பதால் கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அவசியம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்த பிறகும் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள், ஃபில்டர் மூடிகளைத் திறக்கும்போது மறுபடியும் கணிசமாகக் கொட்டும்.

3000 வகையில் தொட்டியின் அடியில் இரண்டு வட்ட மூடிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆறு போல்ட்டுகள். ஒன்றினுள் மெயின் ஃபில்டர், மற்றொன்றில் லூப் (உயவு) ஃபில்டர். வாங்குவதற்கு முன் தொட்டி 2 அங்குலமா 4 அங்குலமா என்று அளந்து பாருங்கள்; இரண்டுக்கும் ஃபில்டரின் நீளம் வேறு, ஆயில் அளவும் வேறு. 2 அங்குலத் தொட்டிக்கு வடித்து ஊற்றுவது சுமார் 16 லிட்டர். கசிவைத் தடுக்கும் பழைய ஓ-ரிங்குகளும் (ரப்பர் வளையங்கள்) கேஸ்கட்டும் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடக் கூடாது.

இந்த வேலையில் பலரும் தவறு செய்யும் இடம் மூடியைத் திரும்பப் பொருத்துவதுதான். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது மூடி கடைசிக் கொஞ்ச தூரம் உள்ளே போக மறுத்தது. எதிரெதிரான இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கி அதை உள்ளே இழுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்த மாதிரிதான் தெரிந்தது. மறுநாள் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங்கின் ஒரு பக்கத்தில் நகத்துண்டு அளவுக்குப் பிறை போலச் சீவப்பட்டிருந்தது. பதினெட்டு லிட்டர் ஆயிலை மறுபடி வடிக்க வேண்டியதாயிற்று. ஓ-ரிங்குகளில் கியர்பாக்ஸ் ஆயிலையே தாராளமாகத் தடவி, போல்ட் துளைகள் நேராக வரும்படி பிடித்து, மூடியைக் கையால் அழுத்தியே கடைசிவரை உட்கார வைக்க வேண்டும். முழுதாக உட்கார்ந்த மூடியை இறுக்குவதற்குத்தான் போல்ட். உள்ளே இழுப்பதற்கு அன்று. இதையே தயாரிப்பாளரின் கையேடும் எச்சரிக்கையாகச் சொல்கிறது. பன்னிரண்டு போல்ட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 51 முதல் 61 நியூட்டன் மீட்டர் வரையும், டிரெயின் போல்ட்டை 25 முதல் 32 வரையும் இறுக்குங்கள். டிரெயின் போல்ட்டுக்குச் சொன்னது மற்றதில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள், அதிகமாக இறுக்கினால் மரை போய்விடும்.

ஊற்றும் புனலும் குடுவையும் புதிதாகவோ இதற்கென்றே வைத்திருப்பதாகவோ இருக்கட்டும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றிய பாத்திரத்தை எவ்வளவு கழுவினாலும் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பயன்படுத்த வேண்டாம். காரணத்தை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: வடித்த ஆயில் ரோஜாப் பால் மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கி வந்தது. புதிய ஆயில் ஊற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. வண்டியை ஓட்டாதீர்கள். அந்த நிறம் ஆயிலில் நீரோ கூலன்ட்டோ கலந்ததற்கு அடையாளம். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குள் ஒரு பக்கம் ஆயிலும் மறுபக்கம் எஞ்சின் கூலன்ட்டும் ஓடுகின்றன. நடுவில் உள்ள சுவர் ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற உறைதடுப்புப் பொருள், கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பொருளின் பசையைக் கரைத்துவிடும். ஆயிலின் மாதிரி ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெறும் நீர் என்று வந்தால் நீர் புகுந்த வழியை அடைத்து, முழுவதும் சுத்தம் செய்து காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கிளைக்கால் என்று வந்தால் கூலரை மாற்றுவதோடு கியர்பாக்ஸையும் பிரித்துத் தட்டுகளை மாற்றியாக வேண்டும். இது மனத்துக்குக் கடினமான பதில் என்று தெரியும். ஆனால் புதிய ஆயிலை ஊற்றிவிட்டு மலைப்பாதையில் ஏறச் சொல்லி உங்களை அனுப்ப என்னால் முடியாது.

கேள்வி: ஆயில் ஊற்றிய பின் டிப்ஸ்டிக் (அளவுக்கோல்) ஒரு அளவைக் காட்டுகிறது, கியர் பட்டன் பலகை வேறு அளவைக் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: சரியான நிலைமையில் பார்த்தால் பலகையை நம்பலாம். வண்டி மட்டமான தரையில், நியூட்ரலில், பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 60 முதல் 104 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒருசேர அழுத்தினால், ஆயில் அடங்குவதற்காக இரண்டு நிமிடம் காத்திருந்து, 8-லிருந்து 1 வரை இறங்கு எண்ணிக்கை காட்டும். அதன்பின் ஓ, எல், ஓ, கே என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தால் அளவு சரி. எல், ஓ, 2 என்று வந்தால் இரண்டு குவார்ட், அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்ற வேண்டும். எச், ஐ, 1 என்றால் ஒரு குவார்ட் அதிகம். 70 என்ற குறியீட்டு எண் வந்தால் ஆயில் இன்னும் போதிய அளவு சூடாகவில்லை.

டிப்ஸ்டிக்கில் குளிர் அளவு என்று ஒரு பகுதி இருக்கும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கும் அளவுக்கு ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அது. குளிர்ந்திருக்கும்போது மேல் கோடு வரை நிரப்பிவிட்டால், சூட்டில் ஆயில் விரிந்து உயர்ந்து, சுழலும் கியர்களில் அடிபட்டு நுரைத்துவிடும். நுரைத்த ஆயிலால் அழுத்தம் கொடுக்க முடியாது. கிளட்சுகள் வழுக்கிச் சூடேறும். குறைவாக இருப்பது கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அதிகமாக இருப்பதும் அதே கெடுதலைச் செய்யும் என்பதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வடித்து ஊற்றும் அளவாகச் சொன்னதில் ஒரு லிட்டர் குறைத்தே ஊற்றிவிட்டு, சூடான பின் அளந்து மீதியைச் சேருங்கள்.

கேள்வி: என்னுடையது ஆலிசன் 1000 வகை. இதற்கும் இரண்டு மூடிகளைக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதில் வெளிப்புறத்தில், எஞ்சின் ஆயில் ஃபில்டர் போலவே திருகிக் கழற்றும் ஒரு ஃபில்டர் இருக்கும். பழையதைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் வாயில் வடை போல நடுவில் ஓட்டையுள்ள ஒரு சிறிய காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரோடு அதுவும் வந்துவிடும். புதிய ஃபில்டருடன் காந்தம் வந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் படிந்திருக்கும் கரும்பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மை போல நைசாக இருந்தால் அது இயல்பான தேய்மானம்தான்; நறநறவென்று சில்லுகள் தட்டுப்பட்டால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிறகு காந்தத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் புதிய ஃபில்டரைத் திருகுங்கள்.