அடி கால் பங்கு, வலி மும்மடங்கு
வாசகர் கேள்வி – பதில்

கணினி விளையாட்டுகள் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றியே இருந்தது. ‘ஸ்கைரிம்’ விளையாட்டை அதன் ஆகக் கடினமான ‘லெஜண்டரி’ நிலையில் ஆடுவது எப்படி என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நடுத்தரமான ‘அடெப்ட்’ நிலையில் ஒருமுறை ஆடி முடித்துவிட்டேன். லெஜண்டரிக்கு மாற்றினால் எதிரிகள் புத்திசாலித்தனமாகச் சண்டையிடுவார்களா, அல்லது அவர்களுடைய உயிர் மட்டும் கூடுமா? (வாசகர், சேலம்)

பதில்: இரண்டும் நடக்காது. 2011 நவம்பரில் பெதஸ்டா நிறுவனம் ஸ்கைரிமை வெளியிட்டபோது அதில் ஐந்து கடின நிலைகளே இருந்தன. ஆறாவதான லெஜண்டரி, 2013 மார்ச்சில் வந்த 1.9 பேட்ச்சுடன் (திருத்தப் பதிப்புடன்) சேர்ந்தது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது மாறுபவை, நீங்கள் கொடுக்கும் அடியின் அளவு, வாங்கும் அடியின் அளவு என்ற இரண்டு எண்களே. அடெப்டில் இரண்டும் உள்ளது உள்ளபடியே இருக்கும். எக்ஸ்பர்ட்டில் கொடுப்பது முக்கால் பங்கும் வாங்குவது ஒன்றரை மடங்கும் ஆகும். மாஸ்டரில் பாதியும் இரு மடங்கும். லெஜண்டரியிலோ கால் பங்கும் மும்மடங்கும்.

அடெப்டில் நான்கு வெட்டில் விழுந்த கொள்ளையன் இப்போது பதினாறு வெட்டில்தான் விழுவான். அந்தப் பதினாறு வெட்டுக்கும் ஆகும் நேரத்தில் அவன் திருப்பித் தரும் ஒவ்வோர் அடியும் மும்மடங்காக வலிக்கும். நான்கையும் மூன்றையும் பெருக்கினால், நேருக்கு நேர் நின்று மோதும் சண்டை ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு கடினமாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் அதே ஆள்தான். உடம்பில் அம்பு தைத்த நிலையிலும் சிறிது நேரம் அங்குமிங்கும் தேடிவிட்டு, யாரும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் உட்காரும் அந்த அப்பாவித்தனம் அவனிடம் கொஞ்சமும் குறைவதில்லை.

இதிலிருந்து லெஜண்டரியை வெல்லும் வழியும் கிடைக்கிறது. அந்த இரண்டு எண்களும் உங்கள் கை கொடுக்கும் அடியையும் உங்கள் உடல் வாங்கும் அடியையும் மட்டுமே தொடுகின்றன. உடன் வரும் துணைவர் எதிரிக்குக் கொடுக்கும் அடி, நீங்கள் வரவழைக்கும் பூதம் கொடுக்கும் அடி, எதிரிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் அடி, ஒருவனை முடக்கிப்போடும் விஷம் நீடிக்கும் நேரம் ஆகிய எவற்றிலும் அவை கை வைப்பதில்லை. இனி வரும் பதில்கள் பலவும் இந்த ஓட்டைகளைப் பற்றியவையே.

கேள்வி: தொடக்கத்திலேயே ஓநாயிடம் கூடச் சாகிறேன். எந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் சில மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: லெஜண்டரியின் உண்மையான கொடுமை முதல் பத்து லெவல்களில்தான் இருக்கிறது, பின்னர் அது படிப்படியாகத் தளர்ந்துவிடும். ஆகவே இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இறுதியில் யார் வலியவர் என்று பார்க்காமல், தொடக்கத்தில் யார் தாக்குப்பிடிப்பார் என்று பாருங்கள்.

வாள் பிடிப்பவருக்கு ஆர்க் இனத்தை விட்டால் வேறு இல்லை. அவர்களுக்குரிய ‘பெர்சர்க்கர் ரேஜ்’ ஆற்றல், விளையாட்டுக் கணக்கில் நாளுக்கு ஒருமுறை, 60 விநாடிக்கு, கொடுக்கும் அடியை இரட்டிப்பாக்கி வாங்கும் அடியைப் பாதியாக்குகிறது. லெஜண்டரியின் கால் பங்கு அப்போது அரைப் பங்காகிறது. மும்மடங்கு ஒன்றரை மடங்காகிறது. பன்னிரண்டு மடங்குக் கடினம் மூன்று மடங்காகச் சுருங்குகிறது. பெரிய சண்டை ஒவ்வொன்றுக்கும் முன்பு ஓரிடத்தில் காத்திருந்து, ஆற்றல் மீண்டும் கிடைத்த பிறகே உள்ளே போங்கள்.

மந்திரத்தின் பக்கம் சாய்பவர் பிரெட்டனையோ ஹை எல்ஃபையோ எடுக்கலாம். பிரெட்டனிடம் ‘கான்ஜூர் ஃபெமிலியர்’ மந்திரம் தொடக்கத்திலேயே இருக்கிறது; அது வரவழைக்கும் ஓநாய் 60 விநாடிதான் நிற்கும் என்றாலும், அந்நேரம் முழுவதும் எதிரியின் அடி உங்கள் மேல் விழாமல் அதன் மேல் விழுகிறது. ஹை எல்ஃபின் கையில் இருப்பது ‘ஃபியூரி’. லெவல் 6 வரை உள்ளவர்களை அது 30 விநாடிக்கு வெறிகொள்ளச் செய்து, அருகில் நிற்பவர் யாராக இருந்தாலும் தாக்க வைக்கும். மூன்று கொள்ளையர் கூடாரம் போட்டிருக்கும் இடத்தில், பாறைக்குப் பின்னால் பதுங்கியபடி ஒருவன் மேல் அதை வீசிவிட்டு வேடிக்கை பார்க்கலாம். அவர்கள் ஒருவரையொருவர் முழு அளவிலேயே அடித்துக்கொள்வார்கள். மிஞ்சி நிற்பவன் அரை உயிரோடு இருப்பான்.

ரிவர்வுட் ஊருக்குப் போனதும் அங்குள்ள வில்லாளி ஃபேண்டலுக்கு உதவி செய்து அவரைத் துணைவராக்கிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ‘பிளீக் ஃபால்ஸ் பேரோ’ குகையில் ட்ராகர் என்னும் நடைபிணங்கள் முதன்முதலாக விழித்தெழும் அறைக்கு அப்பால், தரையில் ஓர் அழுத்தப் பலகை பதிந்திருக்கிறது. அதை யார் மிதித்தாலும் பக்கச் சுவரிலிருந்து முட்கள் நிறைந்த இரும்புக் கதவு பாய்ந்து வந்து மோதும். நீங்கள் அதைத் தாண்டி மறுபுறம் நின்றுகொண்டால், துரத்தி வரும் ட்ராகர் தானே மிதித்துத் தானே விழும். இன்னும் சற்று உள்ளே போனால், எண்ணெய் தேங்கிய தரைக்கு மேல் விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். எதிரி எண்ணெயில் கால் வைக்கும் வரை பொறுத்து, விளக்கை அம்பால் அறுத்துவிடுங்கள்.

வைட்ரன் நகருக்கு வெளியே மேற்குக் காவல் கோபுரத்தில் வரும் முதல் ட்ராகன் மிர்முல்னிரைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை, நீங்கள்தான் அதைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களோடு வரும் தளபதி ஐரிலெத்தும் காவலர்களும் எய்யும் அம்புகளின் வலிமையில் எந்தக் குறைப்பும் இல்லை. நீங்கள் கோபுரத்துக் கற்சுவரின் மறைவில் நின்று, அதன் கண் உங்கள் மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அது விழுந்த பிறகு அருகில் போனால் ஆன்மா உங்களுக்கே வந்து சேரும். வீரர் என்ற பட்டமும் உங்களுக்கே கிடைக்கும்; காவலர்கள் முணுமுணுக்கக் கூட மாட்டார்கள்.

அதன்பின் துணைக்கு வரும் லிடியாவுக்குக் கிடைத்ததில் நல்ல கவசத்தை முதலில் கொடுங்கள், உங்களுக்கு அடுத்து. உயிர் குறைந்து மண்டியிட்ட துணைவரை எதிரிகள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அவரைக் கொல்வது அநேகமாக உங்கள் கைதவறிய வீச்சுதான்.

கேள்வி: பதுங்கி நின்று அம்பு எய்தால் ஆள் சாவதில்லை. ஸ்டீல்த் லெஜண்டரிக்கு ஒத்துவராதா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒத்துவரும்; ஆனால் வில்லை நம்பியல்ல. பதுங்கல் திறன் மரத்தில் ‘டெட்லி எய்ம்’ பெர்க்கை (திறன் வளரும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்பு ஆற்றலை) எடுத்த பிறகும் மறைந்திருந்து எய்யும் அம்பு மும்மடங்குதான். அதன் கால் பங்கு முக்கால். அதாவது எல்லாம் சரியாக அமைந்தும் அடெப்டின் சாதாரண அம்பை விடக் குறைவு. குத்துவாளின் கணக்கே வேறு. பதுங்கல் திறன் 50 ஆனதும் கிடைக்கும் ‘அசாசின்ஸ் பிளேட்’ பெர்க், பின்னால் வந்து குத்தும் குத்தைப் பதினைந்து மடங்காக்குகிறது. கால் பங்காகக் குறைத்தாலும் 3.75 மிஞ்சும். டார்க் பிரதர்ஹுட் என்னும் கொலையாளிக் கூட்டம் தரும் ‘ஷ்ரவ்டட்’ கையுறை அதையும் இரட்டிப்பாக்கும், அப்போது 7.5. ஆகவே வில்லை எதிரியைத் தனியே பிரித்து இழுக்க மட்டும் வைத்துக்கொண்டு, கொல்லும் வேலையைக் குத்துவாளிடம் விடுங்கள்.

வில்லைக் கைவிட மனமில்லை என்றால் விஷம் தயாரியுங்கள். கேனிஸ் வேரையும் இம்ப் ஸ்டூல் காளானையும் சேர்த்தால் முடக்கும் விஷம் கிடைக்கும். அதைத் தடவிய அம்பு தைத்தவன் கட்டையாகச் சாய்வான். அந்தச் சில விநாடிகளில் துணைவர் அவனைக் கவனித்துக்கொள்வார்.

கேள்வி: ஊரூராகச் சமையல் பானைகள் இருக்கின்றனவே, சமைப்பதால் சண்டையில் ஏதாவது பயன் உண்டா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டாரே என்று மகிழ்ந்தேன். லெஜண்டரியில் நூறு பொற்காசு கொடுத்து வாங்கும் மருந்தை விட நன்றாக வேலை செய்வது, முட்டைக்கோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் ஒவ்வொன்று போட்டு வைக்கும் காய்கறி சூப்தான். இதற்கு உப்பு கூடத் தேவையில்லை. குடித்த நேரத்திலிருந்து 720 விநாடிக்கு, விநாடிக்கு ஒரு புள்ளி உயிரும் ஒரு புள்ளி ஸ்டாமினாவும் (உடல் தெம்பும்) ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு புள்ளி என்று அலட்சியம் வேண்டாம். ஓங்கி அடிக்கும் ‘பவர் அட்டாக்’குக்கும் கேடயத்தால் இடிப்பதற்கும் ஸ்டாமினா நிறைந்திருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டு கேட்பதில்லை, துளி இருந்தாலே அனுமதித்துவிடும். சூப் அந்தத் துளியை விநாடிதோறும் தருகிறது. எனவே பன்னிரண்டு நிமிடத்துக்கு, எதிரி வாளை ஓங்கும்போதெல்லாம் கேடயத்தால் இடித்து அவனைத் தள்ளாட வைத்துக்கொண்டே இருக்கலாம். தள்ளாட்டத்துக்கு லெஜண்டரி, அடெப்ட் என்ற வேறுபாடு கிடையாது. வைட்ரன் சந்தையின் காய்கறிக் கடையையும் சுற்றியுள்ள வயல்களையும் ஒரு சுற்றுச் சுற்றினால் பல நாள் சண்டைக்குக் காய் சேர்ந்துவிடும்.

மருந்து காய்ச்சுவோர் நீல மலைப்பூவையும் கோதுமையையும் விடாமல் பறித்துச் சேர்க்கவும்; இரண்டும் சேர்ந்தால், குறைந்த உயிரை மீட்பதோடு உயிரின் உச்ச அளவையும் சிறிது நேரம் உயர்த்தும் மருந்தாகிறது. பட்டியலைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது என்பதால், தலைக்கு மேல் கோடரி ஓங்கியிருக்கும் போதே இருபது முட்டைக்கோஸைப் பச்சையாகத் தின்று தீர்க்கவும் வழியிருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்காது, உயிர் பிழைக்கும்.

கேள்வி: கவசத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். வாள்காரர்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மந்திரவாதி ஒருவன் இரண்டே மின்னலில் கொன்றுவிடுகிறான். ஏன்? (மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: கவசம் மந்திரத்தைத் தடுப்பதே இல்லை. கவச எண் 567ஐத் தொட்டால் வாள், அம்பு ஆகியவற்றின் அடியில் 80 சதவீதம் குறைகிறது, அதுவே உச்சவரம்பு. பத்துப் புள்ளி அடி லெஜண்டரியில் முப்பதாகி, கவசத்தால் ஆறாகிவிடும். மின்னலுக்கு அந்தக் கழிவு கிடையாது. முப்பது முப்பதாகவே வந்து சேரும். இதற்கு மந்திர எதிர்ப்பைத் தனியே சேர்க்க வேண்டும். ரிஃப்டன் நகரில் மாராவின் கோயில் தரும் காதலர்களைச் சேர்த்துவைக்கும் வேலையை முடித்தால் நிரந்தரமாக 15 சதவீதம். வரம் தரும் நடுகற்களில் ஒன்றான லார்ட் கல்லைத் தொட்டால் 25. ஆல்டரேஷன் என்னும் மந்திரப் பிரிவின் திறன் மரத்தில் உள்ள எதிர்ப்புப் பெர்க் மூன்றையும் எடுத்தால் 30. பிரெட்டனாகப் பிறந்தவருக்கு 25 இலவசம். 85க்கு மேல் ஏறாது. அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை.

கேள்வி: ரெஸ்டொரேஷன் மருந்தை வைத்து எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் தந்திரம் ஏமாற்று வேலையா? (வாசகர், மதுரை)

பதில்: அறியாதவர்களுக்காக ஒரு வரி. குணப்படுத்தும் மந்திரத் திறனான ரெஸ்டொரேஷனை உயர்த்தும் மருந்தைக் குடித்துவிட்டு, ரசவாதத்தை (மருந்து காய்ச்சும் திறனை) உயர்த்தும் மந்திர அணிகலன்களைக் கழற்றி மீண்டும் அணிந்தால், அவற்றின் வலிமையும் தவறுதலாக உயர்ந்துவிடும். அந்த வலிமையில் காய்ச்சும் அடுத்த மருந்து இன்னும் வீரியமாக இருக்கும். இப்படியே எல்லையின்றிப் போகலாம். தனியாக ஆடும் ஆட்டத்தில் யாருக்கும் இதனால் நட்டமில்லை. ஆகவே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே அடியில் ட்ராகனைச் சாய்க்கும் வாளைச் செய்துகொண்ட பிறகு லெஜண்டரி என்ற சொல் அமைப்புப் பட்டியலில் மட்டுமே இருக்கும். ரசவாதமும், பொருள்களில் மந்திரம் ஏற்றும் எஞ்சாண்டிங்கும் ஒன்றையொன்று உயர்த்திக்கொள்ளும் நேரான வழி ஓர் அளவில் தானாக நின்றுவிடும். அந்த அளவே லெஜண்டரிக்குத் தாராளம். விளையாட்டு ஆர்வலர்கள் செய்துள்ள அன்அஃபிஷியல் பேட்ச்சை நிறுவினால் இந்த ஓட்டை அடைபட்டுவிடும்.

கேள்வி: எண்களைப் பெருக்குவதுதான் கடினம் என்றால் இது சோம்பேறித்தனமான வடிவமைப்பு இல்லையா? இடையில் நிலையைக் குறைத்தால் இழப்பு ஏதும் உண்டா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: முதல் பாதியில் உங்கள் கட்சிதான் நான். ‘விட்சர் 3’ அதன் உச்ச நிலையான ‘டெத் மார்ச்’சில், தியானத்தில் அமர்ந்தால் உயிர் மீளாது என்று ஆக்கியது. அந்த ஒரு மாற்றத்தால் உணவும் மருந்தும் உண்மையான மதிப்புப் பெற்றன. ‘பால்டர்ஸ் கேட் 3’இல் 2023 நவம்பர் இறுதியில் வந்த ‘ஹானர் மோட்’ இன்னும் துணிச்சலானது: ஒரே ஒரு சேவ் (ஆட்டப் பதிவு), குழு முழுவதும் மடிந்தால் அந்த ஆட்டம் ஹானர் ஆட்டமாகத் தொடராது, தலைமை எதிரிகளுக்குச் சாதாரண நிலையில் இல்லாத ‘லெஜண்டரி ஆக்‌ஷன்’களும் உண்டு. அங்கே மனப்பாடம் செய்துவைத்த பழைய தந்திரம் பாதி வழியில் காலை வாரும். ஸ்கைரிமில் அப்படி எதுவும் நடக்காது. இருபதாம் லெவலில் கண்டுபிடித்த வழி ஐம்பதாம் லெவலிலும் செல்லும். ஆயினும் அதன் உலகில் ஓட்டைகள் இத்தனை இருப்பதால், அவற்றைத் தேடும் முதல் இருபது மணி நேரம் எனக்கு இன்றும் பிடித்தமானது. முதன்முறை ஆடுபவருக்கு மட்டும் எக்ஸ்பர்ட்டைத் தாண்டாதீர்கள் என்பேன்.

இரண்டாம் பாதிக்குப் பதில் எளிது. அமைப்புகளில் எப்போது வேண்டுமானாலும், சண்டையின் நடுவில் கூட, நிலையை மாற்றலாம். கடின நிலையைச் சார்ந்த அச்சீவ்மென்ட் (சாதனைப் பதக்கம்) எதுவும் ஸ்கைரிமில் இல்லாததால் எதுவும் பறிபோகாது. மறுபதிப்பான ஸ்பெஷல் எடிஷனில், ஆர்வலர்கள் செய்யும் மாற்றங்களான ‘மாட்’களை நிறுவினால்தான் அச்சீவ்மென்ட் கிடைப்பது நிற்கும்.