நான்கு முறை தள்ளிப்போன தாடை அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 24. பள்ளிக் காலத்திலிருந்தே என் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் நீண்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு பற்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்லி இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கிளிப் போட்டார்கள். ஒன்றரை ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். இதுவரை நான்கு முறை தேதி கொடுத்து நான்கு முறையும் தள்ளிவைத்துவிட்டார்கள். முதல் முறை, ஹீமோகுளோபின் 8.6தான் இருக்கிறது என்றார்கள். இரண்டாவது முறை, இரவு முதல் ஒன்றும் சாப்பிடாமல் உடை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். விபத்தில் அடிபட்ட இருவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனதால் பிற்பகல் மூன்று மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது முறை எனக்குச் சளியும் இருமலும். நான்காவது முறை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். கிளிப் போடுவதற்கு முன் இருந்ததைவிட இப்போது என் முகம் மோசமாக இருக்கிறது. முன்பற்கள் சேர்வதே இல்லை. ஒரு கொய்யாப்பழத்தைக் கடிக்க முடியவில்லை. ‘நன்றாக இருந்த பல்லைக் கெடுத்துக்கொண்டாள்’ என்று உறவினர்கள் பேசுகிறார்கள். நான்காவது முறை விடுப்பு கேட்டபோது வேலை செய்யும் இடத்தில் என்னை நம்பவில்லை. கிளிப்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பட்டினியாக, பயத்தை ஒருவழியாக அடக்கிக்கொண்டு, இன்றோடு முடிந்துவிடும் என்று காத்திருந்த ஒருவரைப் பிற்பகலில் வீட்டுக்குப் போகச் சொல்வது எத்தகைய வேதனை என்பதை, அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவனாகப் பலமுறை நின்றிருக்கிறேன் என்பதால் நன்கு அறிவேன். உங்கள் சோர்வு நியாயமானது. ஆயினும் கிளிப்பை இப்போது கழற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை, உங்கள் முகம் ஏன் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கீழ்த்தாடை நீண்டு வளரும்போது, இரண்டு வரிசைப் பற்களையும் எப்படியாவது சந்திக்கவைக்க உடல் முயல்கிறது. மேல் முன்பற்கள் வெளிப்பக்கமாகச் சாய்கின்றன. கீழ் முன்பற்கள் நாக்கின் பக்கமாகச் சாய்கின்றன. எலும்பில் உள்ள குறையில் ஒரு பகுதியை இந்தச் சாய்வு மறைத்துவிடுகிறது. பற்கள் சாய்ந்த நிலையிலேயே தாடையைப் பின்னால் நகர்த்தினால், எலும்பு இருக்க வேண்டிய இடத்துக்கு வருவதற்கு முன்பே பற்கள் ஒன்றோடொன்று மோதித் தடுத்துவிடும். ஆகவே கிளிப்பின் மூலம் பற்களை அந்தந்த எலும்பின் மேல் நேராக நிறுத்துகிறோம். சாய்வு மறைத்துவைத்திருந்த இடைவெளி அப்போது முழுமையாக வெளியே தெரிகிறது. உங்கள் பற்களை யாரும் கெடுக்கவில்லை; அறுவை சிகிச்சைக்காக அவை சரியான இடத்துக்கு வந்து நிற்கின்றன. இந்த இடைப்பட்ட முகத்துடன் மூன்று நான்கு மாதங்கள் மட்டுமே இருக்க வேண்டிய நீங்கள், தேதி தள்ளிப்போனதால் ஓராண்டுக்கும் மேலாக இருக்க நேர்ந்துவிட்டது. இதை உறவினர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘பாதி சிகிச்சை முடிந்திருக்கிறது, மீதி நடக்கும்போது சரியாகிவிடும்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதையே எல்லோரிடமும், ஒவ்வொரு முறையும், மாற்றாமல் சொல்லுங்கள்.

இப்போது கிளிப்பைக் கழற்றினால், இரண்டரை ஆண்டுகள் பொறுமையாக நகர்த்திய பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பத் தொடங்கும். எலும்பு அதே இடத்தில் இருக்க, பற்கள் மட்டும் இரண்டுங்கெட்டான் நிலையில் நின்றுவிடும். அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நீங்கள் நிதானமாக முடிவெடுப்பீர்களானால், அதற்கும் முறையான வழி உண்டு. கிளிப் போட்ட மருத்துவர் பற்களை மறுபடியும் சாய்த்து, இயன்ற அளவு கடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் கொடுத்து முடிப்பார். அதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும் என்பதோடு, தாடை வேறுபாடு குறைவாக இருப்பவர்களுக்கே அது நல்ல பலன் தரும். கோபத்தில் இருக்கும் ஒரு நாளில் எடுக்கக்கூடிய முடிவு அன்று இது.

தள்ளிவைப்புக்கான காரணங்களுக்கு வருகிறேன். மருத்துவமனைகளில் இதுபோன்ற சிகிச்சையை ‘எலெக்டிவ்’ என்ற பிரிவில் வைப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, நாள் குறித்துச் செய்யலாம் என்பதே அதன் பொருள், தேவையற்றது என்பதல்ல. சரியாக மெல்ல முடியாமலும் பேச்சில் சில ஒலிகள் தெளிவாக வராமலும் வாழ்கிற ஒருவருக்கு இது அழகுக்காகச் செய்யும் சிகிச்சை அன்று. ஆனால் அந்தப் பிரிவில் இருப்பதால்தான் எல்லாவற்றுக்கும் முதலில் வழிவிட வேண்டியதாகிறது. 2020ஆம் ஆண்டு கொரோனா தொடங்கியபோது இந்த வகைச் சிகிச்சைகள் முதலில் நிறுத்தப்பட்டதும், கிளிப்போடு பலர் மாதக்கணக்கில் காத்திருந்ததும் இதனால்தான். இருசக்கர வாகன விபத்தில் தாடை உடைந்து வருபவரும், கடைவாய்ப் பல்லிலிருந்து கழுத்துக்குப் பரவிய சீழ் மூச்சுக்குழலை அடைக்கும் நிலையில் வருபவரும், வாய்ப் புற்றுநோயாளியும் அதே தியேட்டருக்கும் அதே மருத்துவர்களுக்கும் உரியவர்கள். இரண்டாவது முறை உங்களுக்கு நேர்ந்தது இதுதான். அதை உங்களாலோ என்னாலோ தடுக்க முடியாது. ஆனால் எந்தக் கிழமைகளில் அந்தத் துறைக்குத் தியேட்டர் ஒதுக்கப்படுகிறது, அன்றைய வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள், வேறொரு நோயாளி வராமல் போனால் குறுகிய அவகாசத்தில் உங்களை அழைப்பார்களா என்று கேட்டுவைக்கலாம். வரிசையில் முதல் ஆளாக இருப்பவருக்கும் மூன்றாவது ஆளாக இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

முதல் காரணம் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஆகவே இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாடை எலும்பை வெட்டி நகர்த்தும்போது ரத்தம் இழக்க நேரும் என்பதால், 8.6 என்ற அளவில் மயக்க மருத்துவர் ‘ஃபிட்னஸ்’, அதாவது அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை இருக்கிறது என்ற சான்று, கொடுக்க மறுத்தது சரியான செயல். வருத்தம் என்னவென்றால், அந்தப் பரிசோதனை தேதிக்கு முந்தைய வாரத்தில் செய்யப்பட்டதுதான். இரும்புச்சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் ஒரு கிராம் உயர்வதற்கே சுமார் மூன்று நான்கு வாரங்கள் ஆகும். எனவே தேதி இருக்கிறதோ இல்லையோ, இப்போதே ஒருமுறை ரத்தத்தைப் பரிசோதித்து, குறைவாக இருந்தால் பொதுமருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, குடற்புழு இருக்கிறதா என்பதையும் அவர் பார்க்கட்டும். மாத்திரையைத் தேநீர், காபியோடு சேர்த்து உட்கொள்ள வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் உடல் அதை நன்கு ஏற்கும்.

சளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையின் நடுவே பற்களைச் சேர்த்துக் கட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால், மூச்சுக்குழாயை வாய் வழியாகச் செலுத்தாமல் மூக்கு வழியாகச் செலுத்துவோம். சளி பிடித்த மூச்சுப்பாதை எளிதில் இறுகிக்கொள்ளும். சில வாரங்கள் பொறுப்பது உங்கள் உயிரைக் காப்பதற்காகவே. தேதிக்கு முந்தைய இரு வாரங்களில் கூட்டமான இடங்களுக்கு முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். அப்படியும் சளி பிடித்துவிட்டால், பேருந்தில் பயணம் செய்து வந்து திரும்புவதைவிட முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவிப்பது உங்களுக்கும் நல்லது, உங்கள் இடத்தில் வரக்கூடிய இன்னொருவருக்கும் நல்லது.

நான்காவது காரணமே என்னை அதிகம் வருத்தியது. ஒரு மருத்துவர் மாற்றலாகிப் போவதால் நோயாளியின் சிகிச்சை அந்தரத்தில் நிற்கக் கூடாது. உங்கள் எக்ஸ்ரேக்கள், பற்களின் மாதிரி அச்சுகள், கிளிப் சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புதிதாகப் பொறுப்பேற்றவரையும் கிளிப் மருத்துவரையும் ஒரே நாளில் சந்திக்க ஏற்பாடு செய்யுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். அவர்களால் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்ய இயலாது என்றால், வேறு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ மாற்றலான அதே மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் தரச் சொல்லலாம். அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கேளுங்கள். தேதி தள்ளிவைக்கப்பட்டதை மருத்துவமனையே முத்திரையிட்டுத் தந்தால், உங்கள் சொல்லை ஐயுற வேண்டிய நிலை மேலதிகாரிக்கு இராது.

இனி, பலரும் மறந்துவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். தாடையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டும் ஸ்ப்ளின்ட் என்னும் பிளாஸ்டிக் தகடு, உங்கள் பற்களை அச்செடுத்துச் செய்யப்படுகிறது. மாதங்கள் கடந்தால் பற்கள் சிறிதேனும் நகர்ந்திருக்கும். பழைய தகடு பொருந்தாது. ஆகவே புதிய தேதி கிடைத்ததும், அச்சும் திட்டமும் புதிதாகச் செய்யப்படுகின்றனவா என்று நீங்களே கேளுங்கள். அறுவை சிகிச்சை இல்லையே என்று மாதாந்திரக் கிளிப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது. கம்பி பற்களை இழுக்காமல் அப்படியே பிடித்து வைத்திருக்கும் நிலையில் இருக்க வேண்டும். நீண்ட காலம் கிளிப் அணிந்தவர்களுக்குப் பல்லின் மேல் வெள்ளைத் திட்டுகள் வருவதும், ஈறு வீங்குவதும், சிலருக்குப் பல்வேர் நுனி சற்றுக் கரைவதும் உண்டு. வெள்ளைத் திட்டுகள் பற்சொத்தையின் தொடக்கம். காலையிலும் இரவு உறங்கும் முன்பும் ஃபுளோரைடு பற்பசையால், கிளிப்பின் மேலும் கீழும் பிரஷ் செல்லும்படி துலக்குங்கள். வேர்களின் நிலையை அறிய ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

தேதிக்காக வாழ்க்கையை நிறுத்திவைக்காதீர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; உங்கள் நிலையில் அது கடினம் என்பதை அறிவேன். இருந்தாலும் படிப்பு, பணி உயர்வு, ஒரு பயணம் என்று ஏதேனும் ஒன்றையாவது, அறுவை சிகிச்சை எப்போது நடந்தாலும் நடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். திருமணப் பேச்சு நடக்கிறது என்றால், சிகிச்சை நடுவில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைக் கேட்டு விலகுபவர்கள் விலகட்டும். உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், கண்ணாடியைப் பார்க்கவும் வெளியே செல்லவும் அஞ்சும் நிலை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணம் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கீழ்த்தாடை நீண்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்கிறார்கள். அலைக்கழிக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: இந்தத் தள்ளிவைப்பு முந்தைய கடிதத்தில் உள்ளது போன்றதன்று, இதுவே சரியான சிகிச்சை. ஆண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை 18 வயது வரையிலும், சிலருக்கு அதற்குப் பிறகும் வளரும். வளர்ச்சி நிற்கும் முன் அறுவை சிகிச்சை செய்தால், தாடை மறுபடியும் நீண்டு, இரண்டாவது முறை செய்ய நேரிடும். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, வேறுபாடு இல்லை என்றால்தான் வளர்ச்சி நின்றதாகக் கொள்கிறோம். அடுத்த முறை செல்லும்போது அந்த ஒப்பீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் யாரேனும் கேலி செய்கிறார்களா என்பதையும் மகனிடம் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கும் இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. வீட்டில் எல்லோரும் வருந்தினார்கள். எனக்கோ உள்ளூர நிம்மதியாக இருந்தது. உதடு மரத்துப்போய்விடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை.
– வாசகி, 21 வயது, மதுரை

பதில்: எழுதியதற்கு நன்றி, இது பலருக்கும் உள்ள உணர்வு. கீழ்த்தாடையை இரண்டாகப் பிளந்து நகர்த்தும் முறை, சூரிச்சில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் ஹ்யூகோ ஒப்வெகெசர் 1957இல் டிராவ்னர் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் விளக்கி வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. வாய்க்குள்ளேயே வெட்டுவதால் முகத்தில் தழும்பு விழாது என்பது அதன் சிறப்பு. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்வு தரும் நரம்பு, பிளக்கும் அந்த எலும்புக்கு உள்ளேயே ஓடுகிறது. ஆகவே அறுவை சிகிச்சை முடிந்ததும் உதடு மரத்திருப்பது வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலும் மாதங்களிலும் உணர்வு படிப்படியாகத் திரும்புகிறது; சிலருக்கு ஓரளவு மரப்பு நிலைத்துவிடுகிறது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு என்பதால் பேச்சும் சிரிப்பும் நின்றுவிடாது.

இதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரேயில் அந்த நரம்பு எங்கே செல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், தேதி தானாகத் தள்ளிப்போகும் என்று காத்திருக்காமல், நீங்களே அவகாசம் கேட்கலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பின்பும், தியேட்டருக்குள் செல்லும் முன்பு வரையிலும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பெற்றோரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னால் போதும். அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.