வெரிட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். ஆடி மாதம் எனக்குப் பிரசவம். பெண் குழந்தை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். இங்குள்ளவர்கள் வாயில் சுலபமாக வரக்கூடிய, ஆனால் அதிகம் பேர் வைக்காத ஓர் ஆங்கிலப் பெயரைத் தேடுகிறோம். இணையப் பட்டியல்களைப் பார்த்து மூன்று எடுத்து வைத்திருக்கிறேன்: மாலரி, டெம்பரன்ஸ், வெரிட்டி. மதுரையிலிருக்கும் மாமியார் போனில் கேட்கிறார்: "வெள்ளைக்காரன் பேருக்கு என்னம்மா அர்த்தம் இருக்கு? ஜான், மேரின்னு சும்மா வைப்பான். நம்ம பிள்ளைக்குப் பொருள் இருக்கிற பேரா வையுங்க." அவருக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்., லெஸ்டர்

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும்.

ஜான் கூடச் சும்மா வைத்த பெயரில்லை. 'கடவுள் கருணை காட்டினார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயர் அது. ஆனால் அந்தப் பெயரைச் சுமப்பவர்களில் பலருக்கே அது தெரியாது. அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. இதே குறையை இங்கிலாந்திலேயே ஒரு கூட்டம் நானூறு வருடங்களுக்கு முன் சொன்னது. அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் உங்கள் மூன்று பெயர்களில் எதை எடுப்பது என்பதும் தெளிவாகும்.

பியூரிட்டன்களைச் சொல்கிறேன். கத்தோலிக்கச் சாயலைத் திருச்சபையிலிருந்து அடியோடு நீக்க நினைத்தவர்கள். பைபிளில் இல்லாத புனிதர்களின் பெயர்கள் அவர்களுக்கு ஆகவில்லை. 1560இல் வந்த ஜெனீவா பைபிளில் எபிரேயப் பெயர்களும் அவற்றின் பொருளும் அட்டவணையாகவே இருந்தன. சிலர் அதையும் தாண்டினார்கள். எபிரேயம் எதற்கு, பொருளையே நேராகப் பெயராக வைத்துவிடலாமே என்றார்கள். கென்ட் பகுதியில் கிரான்புரூக் ஊரின் போதகர் டட்லி ஃபென்னர் 1580களில் தன் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்கள் மோர் ஃப்ரூட், ஃபெயின்ட் நாட். முதலாவது 'இன்னும் கனி', இரண்டாவது 'சோர்ந்துபோகாதே'.

இதுவரை பாதகமில்லை. சசெக்ஸில் வால்ட்ரன் என்ற ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1609ஆம் வருடம் மணமாகாத ஒரு தாயின் மகனுக்கு ஃப்ளை ஃபார்னிகேஷன் என்று பெயர் பதிவாகியிருக்கிறது. நம் வேதாகமத் தமிழில் சொன்னால் 'வேசித்தனத்துக்கு விலகியோடு'. பிறந்து சில நாளேயான குழந்தை. அதன் தாய்க்குச் சொல்ல நினைத்த வசையை ஊர் அந்தக் குழந்தையின் நெற்றியில் எழுதியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் ஊர்களில் வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவையும் பொருளுள்ள பெயர்கள்தாம்.

ஆகவே பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பொருள் யாருக்காக என்றும் பார்க்க வேண்டும்.

1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போன குடும்பங்களில் இதன் கனிந்த பக்கத்தைப் பார்க்கலாம். வில்லியம் புரூஸ்டரின் மகன்கள் இருவர் அதில் போனார்கள்: லவ், ரெஸ்லிங். அன்பு ஒருவன், போராட்டம் ஒருவன். பின்னால் 1623இல் வந்துசேர்ந்த அவர்களின் அக்காமார் பேஷன்ஸ், ஃபியர், பொறுமையும் தேவபயமும். அதே கப்பலில் ரிமெம்பர் என்று ஒரு சிறுமி இருந்தாள். நடுக்கடலில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஓஷியானஸ் என்று பெயர் வைத்தார்கள். பாவம், அது சிறுவயதிலேயே இறந்துபோனது. கேப் காட் கரையோரம் கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது பிறந்தவன் பெரக்ரின், அதாவது தேசாந்திரி. அவன் எண்பது வயது தாண்டி 1704 வரை வாழ்ந்தான். பயமும் குளிரும் பட்டினியுமாக இருந்த அந்த மனிதர்கள் தங்கள் மனத்தில் இருந்ததையெல்லாம் பிள்ளைகளின் பெயரில் வைத்தார்கள். எனக்கு மிகப் பிடித்தது ரிமெம்பர்.

நீளமான பெயர்களின் கதி வேறு. லண்டனில் தோல் வியாபாரம் செய்த பிரசங்கியார் ஒருவரின் பெயர் பிரெய்ஸ்-காட் பேர்போன், 'தேவனைத் துதி'. அவர் உறுப்பினராக இருந்த 1653இன் பாராளுமன்றத்தையே எதிரிகள் அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவர் மகன் நிக்கலஸுக்கு 'இயேசு கிறிஸ்து உனக்காக மரிக்காவிட்டால் நீ நரகத்துக்குப் போயிருப்பாய்' என்று முழு வாக்கியமே பெயராக இருந்ததாகச் சொல்வார்கள். மகன் அதைக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. நிக்கலஸ் பார்போன் என்ற பெயரில்தான் 1666இன் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் வீடுகள் கட்டினார், தீ விபத்துக் காப்பீட்டைத் தொடங்கினார்.

1660இல் முடியாட்சி திரும்பியதும் இந்த வாக்கியப் பெயர்கள் சிரிப்புக்கு இடமாகி மெல்ல வழக்கொழிந்தன. கட்டளையிட்டவை போயின; கிரேஸ், ஃபெய்த், ஹோப் போன்றவை இன்றுவரை நிற்கின்றன. குழந்தையை இப்படி இரு, அப்படி இராதே என்று அவை விரட்டுவதில்லை. ஒரு நல்லதைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மாலரி வேண்டாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த குடும்பப் பெயர் அது, பொருள் துரதிர்ஷ்டசாலி. மதுரைக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? டெம்பரன்ஸ் என்றால் தன்னடக்கம். ஆணுக்கு வைத்தால்கூட யோசிப்பேன். பெண்ணைப் பார்த்து அடங்கியிரு என்று சொல்ல உலகத்தில் ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கிறார்கள். பெயரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெரிட்டியை வையுங்கள். லத்தீனில் உண்மை என்ற சொல்லிலிருந்து வந்தது. பியூரிட்டன்கள் காலத்தில் பெயராகி, எங்கும் மலிந்துவிடாமல், இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் 'வாய்மை' என்று சொல்லுங்கள். வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அவருக்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

அவசரப்படவும் வேண்டாம். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. பதிந்த பிறகும் 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரை மாற்ற வழியிருக்கிறது. இரண்டாவது பெயரை உங்கள் மாமியாரிடமே விட்டுவிடுங்கள். எந்தப் பெயர் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.