முதல் நாளே உடலுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி: என் பத்து வயது மகளுக்குக் காலையில் லேசான தொண்டைக் கரகரப்பு; மாலைக்குள் 102 டிகிரி காய்ச்சல், உடல்வலி. ஃப்ளூ என்றார் மருத்துவர். எதிர்ப்பொருள்கள் உருவாக ஒரு வாரமாவது ஆகும் என்கிறார்களே, பார்த்தே இராத வைரஸை உடல் அன்றைக்கே எப்படிக் கண்டுகொண்டது?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: அது எந்த வைரஸ் என்று அப்போது உடலுக்குத் தெரியாது, அம்மா. இருக்கக் கூடாத பொருள் செல்லுக்குள் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து செல்லும், நம் செல் தயாரிக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் நுனியில் தொப்பி போல ஒரு மூடி உண்டு. ஃப்ளூ வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு அந்த மூடி கிடையாது. பாஸ்பேட் என்னும் வேதித் தொகுதிகள் மூன்று மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். ரிக்-ஐ என்னும் புரதம் அந்த நுனியைப் பற்றிக்கொள்கிறது.

பற்றியவுடன் செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு முட்டை வாசனை வரும். முப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கரு வளரும் கோழிமுட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து வைரஸ் வளர்த்தவன் நான். லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் 1957-இல் இன்டர்ஃபெரானைக் கண்டதும் அத்தகைய முட்டையில்தான். கோழிக்கருவைச் சூழ்ந்த சவ்வுத் துண்டுகளைச் சூட்டில் செயலிழந்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்த நீரில் புதிய சவ்வைப் போட்டு உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸ் சரியாகப் பெருகவில்லை. தாக்கப்பட்ட செல், அண்டைச் செல்களுக்கு இன்டர்ஃபெரானை எச்சரிக்கையாக அனுப்பியிருந்தது! எத்தனை முறை மாணவர்களுக்குச் சொன்னாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

உங்கள் மகளை வாட்டியதில் பெரும்பங்கு இந்த எச்சரிக்கைக்குத்தான். ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவந்த காலத்தில், ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே நோயாளிகள் குளிரிலும் காய்ச்சலிலும் நடுங்குவார்கள். ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட அவர்கள் உடலில் இல்லாதபோதே அப்படி.

ஃப்ளூ வைரஸும் சும்மா இருப்பதில்லை, என்.எஸ்.1 என்ற புரதத்தால் ரிக்-ஐயின் வேலையைத் தடுக்கப் பார்க்கிறது. அதனால்தான் எச்சரிக்கை போயும் சில நாள் படுக்க வேண்டியிருக்கிறது.

பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரக்கூடும். மூச்சு வாங்கினால், காய்ச்சல் தணிந்து மறுபடி ஏறினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.