வாசகர் கேள்வி: உரிமையாளர் ஊரில் இல்லாதபோது உருவான தோட்டம்

கேள்வி: வாஷிங்டனில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஜார்ஜ்டவுன் பகுதியிலுள்ள டம்பார்டன் ஓக்ஸ் தோட்டத்தைப் பார்த்தேன். அது உருவான காலத்தில் உரிமையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தார்களாமே! அவ்வளவு நுணுக்கமான வேலை அவர்கள் இல்லாமல் எப்படி நடந்தது? (வாசகி, கோவை)

பதில்: கடிதங்களால் நடந்தது. மில்ட்ரெட் பிளிஸ், ராபர்ட் வுட்ஸ் பிளிஸ் தம்பதியர் 1920-இல் அந்த இடத்தை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே தோட்ட வடிவமைப்பாளர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்டிடம் பணியை ஒப்படைத்தார்கள். அமெரிக்க நிலவனப்புக் கலைஞர் சங்கத்தை 1899-இல் நிறுவியவர்களுள் ஒரே பெண் அவர்தான். ராபர்ட் தூதரகப் பணியில் இருந்தவர். 1923 முதல் 1927 வரை சுவீடனிலும், பிறகு 1933 வரை அர்ஜென்டினாவிலும் அவருக்கு வேலை. போதாக்குறைக்கு, 1927-இல் ஃபாரண்டின் கணவர் கலிஃபோர்னியாவிலுள்ள ஹண்டிங்டன் நூலகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றதால், ஃபாரண்டும் ஆண்டின் ஒரு பகுதியை அங்கே கழிக்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் ஒரு கண்டத்தில், வடிவமைப்பாளர் அமெரிக்காவின் மேற்குக் கரையில், தோட்டமோ கிழக்குக் கரையில் என்ற நிலையில், எழுத்தைத் தவிர வேறு வழியில்லை.

1922 ஜூன் மாதம் ஃபாரண்ட் மில்ட்ரெடுக்கு எழுதிய நீண்ட கடிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வடக்குச் சரிவை வரைபடத்தில் வைத்துத் தீர்மானிக்காமல் நிலத்தின்மேல் நின்றே ஆராய வேண்டும், ஏனெனில் அங்கே என்ன நடுவது என்பதை மற்ற எதையும்விட அந்த மண்ணின் ஏற்ற இறக்கங்களே தீர்மானிக்கும் என்று அதில் அவர் எழுதினார். பணம் தருபவரிடம் வேலையின் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்வதற்குத் தன் தொழிலின்மேல் திடமான நம்பிக்கை வேண்டும். வீட்டை ஒட்டிய அடுக்குத் தளங்கள் ஒழுங்கும் அளவும் கொண்டவையாக இருப்பதையும், கீழே ஓடையை நெருங்க நெருங்க அந்த ஒழுங்கு தளர்ந்து காட்டின் சாயல் கூடுவதையும் நீங்கள் நடந்து பார்த்திருப்பீர்கள். அது நிலம் சொன்னதைக் கேட்டதால் வந்தது.

சொற்களால் மட்டும் தீராத விஷயங்களும் இருந்தன. ஒரு வாயிற்கதவோ தூணின் உச்சி அலங்காரமோ எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை எவ்வளவு எழுதினாலும் தொலைவில் இருப்பவருக்குப் புரியவைக்க முடியாது. ஆகவே ஃபாரண்ட் முழு அளவிலான மாதிரிகளைச் செய்து, அவை அமைய வேண்டிய இடத்திலேயே நிறுத்தி, புகைப்படம் எடுத்து மில்ட்ரெடுக்கு அனுப்பினார். மில்ட்ரெடும் வெறுமனே சம்மதம் சொல்லி அனுப்புபவர் அல்லர். ஐரோப்பாவில் பல தோட்டங்களைக் கண்ட அனுபவத்தோடு தம் விருப்பத்தையும் மறுப்பையும் எடுத்துச் சொன்னவர். பக்கத்திலேயே இருந்திருந்தால் கையசைப்பில் முடிந்திருக்கக்கூடிய முடிவுகளுக்கெல்லாம் காரணம் எழுத வேண்டியிருந்ததால்தான் அந்த வேலை அவ்வளவு தெளிவாக அமைந்தது என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் அது யாருடைய தோட்டம்? (அதே வாசகி)

பதில்: மில்ட்ரெட், ஃபாரண்ட் இருவருடையது, என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. தம்பதியரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அங்கே பசுமைத் தோட்டம் எனப்படும் பகுதியில், விரிந்த கிளைகளின்கீழ்ப் பிறந்த கனவுகளுக்கு விண்மீன்கள் நன்மையே தரட்டும் என்ற பொருளில் ஃபாரண்டைப் போற்றும் லத்தீன் வரிகளைப் பொறித்து வைத்தார்கள். 1940-இல் வீட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும், ஓடையோரத்து 27 ஏக்கரைப் பொதுப் பூங்காவாகவும் கொடுத்தார்கள். அதன்பின் ஃபாரண்ட், இனி அதைப் பராமரிக்கப்போகும் முகமறியாதவர்களுக்காக, ஒவ்வொரு பகுதியின் நோக்கத்தையும், பட்டுப்போகும் செடியின் இடத்தில் என்ன நட வேண்டும் என்பதையும் விளக்கி ஒரு நூலே எழுதி வைத்தார். அது 1980-இல் அச்சேறியது.